எண்ணும் பெயரும்
(அதிசய வீரர் படக்கதைகளைப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு)

நம் சங்க நூல் நிலையத்தின் பதிவேட்டில் இதழ் எண், நூற்பெயர், ஆசிரியர் பெயர் என மூன்று பத்திகள் உண்டு. ஞாயிறுதோறும் அதை எழுதிவரும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. சென்ற ஆண்டு மாற்றலாகிச் சென்ற அன்பர் ஒருவர், தம் மக்கள் படித்து முடித்த அமெரிக்கப் படக்கதை இதழ்கள் ஏறத்தாழ நாற்பதை நிலையத்துக்கு அன்பளிப்பாக விட்டுச் சென்றார். இவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவதா, பழைய காகிதத்தோடு சேர்த்து எடைக்குப் போடுவதா என்று செயற்குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஏற்றவேண்டும் என்பது நம் கட்சி. கோடை விடுமுறையில் ஊர் சென்று திரும்பும் வழியில், சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வாங்கித் தராவிட்டால் ரயிலில் ஏறமாட்டோம் என்று அடம்பிடித்து வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் நம் கட்சி வியப்புக்குரியதன்று.

ஆயினும் பேனாவை எடுத்தபின்னரே சங்கடம் விளங்கிற்று. ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ என்ற ஒரே பெயரும் ஒன்று என்ற ஒரே எண்ணும் தாங்கி மூன்று இதழ்கள் அக்கட்டில் இருந்தன. மூன்றும் வெவ்வேறு ஆண்டினவை. மூன்றும் வெவ்வேறு கதைகள். எண்ணின் பத்தியில் எதை எழுதுவது? இனி ஆசிரியர் பத்தி. சில இதழ்களில் எழுதியவர், வரைந்தவர், மையிட்டவர், வண்ணந் தீட்டியவர் என்று அரைடஜன் பெயர்கள். அவற்றின் கீழே அவ்வீரனை முதன்முதலில் படைத்தவர் பெயர் தனியே. இவ்விரு பத்திகளையும் ஒழுங்காக நிரப்ப முற்பட்டதன் பயனாகவே, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. படித்ததையும், அதனால் நமக்கு உண்டான கருத்துகளையும் இங்கே சுருக்கி உரைப்போம்.

முதலில் பெயரின் கதை. அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரைச் சேர்ந்த ஜெர்ரி சீகல் எழுதினார். அவர் நண்பர் ஜோ ஷுஸ்டர் வரைந்தார். இருவருக்கும் அப்போது வயது இருபத்து மூன்று. அவர்கள் படைத்த சூப்பர்மேன், 1938ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வெளிவந்தான். இதழின் விலை 10 சென்ட். பதின்மூன்று பக்கக் கதைக்குப் பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் 130 டாலர் தந்து, அவ்வீரனின் சகல உரிமைகளையும் பதிப்பகத்தார் எழுதி வாங்கிக்கொண்டனர். வேறு சில வேலைகளுக்கான கூலியும் சேர்த்து 412 டாலருக்கு வழங்கப்பட்ட காசோலையில் இருவர் பெயரும் பிழையாக எழுதப்பட்டிருந்தன. ஆகவே, எழுதப்பட்டபடி ஒரு முறையும் சரியான எழுத்துகளில் ஒரு முறையுமாக, அவர்கள் அதன் பின்புறம் இருமுறை கையொப்பமிட வேண்டியிருந்தது. பார்சல் அலுவலகத்தில் பெயர்ப்பிழை பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இச்செய்தியைப் படித்தபோது மனம் துணுக்குற்றது.

1947ஆம் ஆண்டு இருவரும் வழக்குத் தொடுத்தனர்; சூப்பர்மேன் உரிமை அவர்களுக்குத் திரும்பக் கிட்டவில்லை. அதன்பின் அவர்கள் பெயரும் கதையின் முகப்பிலிருந்து நீக்கப்பட்டது. சூப்பர்மேன் வானத்தில் பறந்துகொண்டிருக்க, ஷுஸ்டரின் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. சீகல், 1970களின் நடுவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தட்டச்சுக் குமாஸ்தாவாக வேலை பார்த்து வந்தார். சூப்பர்மேன் பெரும் பொருட்செலவில் திரைப்படமாகிறான் என்ற செய்தி வந்தபோது, அவர் பொறுக்கமாட்டாமல் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் என்னும் ஓவியர்கள் அவருக்காக வாதாடினர். 1975ஆம் ஆண்டு டிசம்பரில் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், கதையின் முகப்பில் பெயரும் தர நிறுவனத்தார் இசைந்தனர். பெயர் திரும்பி வருவதற்கு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 412 டாலர் காசோலை 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த முதல் இதழின் பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஷுஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் காலமானார்கள்.

பேட்மேனின் கதை இன்னும் துயரமானது. 1939இல் அவன் தோன்றியபோது முதற்கதையை எழுதியவர் பில் பிங்கர். ஆனால் படைத்தவர் என்று ஓவியர் பாப் கேன் பெயர் மட்டுமே பல பத்தாண்டுகள் அச்சாயிற்று. பிங்கர் 1974இல் மறைந்தார். மார்க் டைலர் நோபல்மன் என்னும் எழுத்தாளர் விடாது ஆராய்ந்து எழுதியதாலும், பிங்கரின் பேத்தி உரிமைகோரி நின்றதாலும், 2015ஆம் ஆண்டு முதல் கேனோடு பிங்கர் பெயரும் சேர்ந்து வருகிறது. நம் கட்டில் இருந்த பேட்மேன் இதழ்களுள் சிலவற்றில் ஒரு பெயரும், சிலவற்றில் இரு பெயரும் கண்டு திகைத்தோம் அல்லவா? காரணம் இதுவே. எந்த இதழ் 2015க்கு முந்தியது, எது பிந்தியது என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

ஆகவே, இந்நாளைய இதழ்களைப் பற்றி நம் முதற்கருத்து பாராட்டே. இன்று ஒரு சூப்பர்மேன் இதழைப் பிரித்தால் சீகல், ஷுஸ்டர் பெயர்கள் தவறாமல் இருக்கின்றன. பெயரோடு உரிமையும் வேண்டுவோருக்கு வேறு வழியும் உண்டு. 1992இல் ஓவியர் எழுவர் பெரிய நிறுவனத்தை விட்டு விலகி ‘இமேஜ்’ பதிப்பகத்தை நிறுவினர். அங்கே படைத்தவருக்கே உரிமை. ராபர்ட் கர்க்மனும் கோரி வாக்கரும் படைத்த ‘இன்வின்சிபிள்’ 2003இல் அங்கே தொடங்கி, 144ஆம் இதழோடு 2018இல் முடிவுற்றது. கதாநாயகன் வளர்ந்தான், மணந்தான், தந்தையானான், கதையும் முடிந்தது. முடிக்கும் உரிமை படைத்தவரிடம் இருந்தால்தான் கதை இவ்வாறு முழுமை பெறும் என்பது நம் எண்ணம்.

இனி எண்ணின் கதைக்கு வருவோம். இங்கேதான் நமக்கு வழக்கு உளது.

‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழ் 1963இல் ஒன்று என்ற எண்ணோடு தொடங்கிற்று. பின்னர் 1999, 2014, 2015, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளிலும் ஒன்று என்றே மீண்டும் தொடங்கிற்று. ஆக, ஒரே பெயரில் ஏழு முதல் இதழ்கள்! ரயில்வே பதிவேடு ஒன்றில் எழுநூறாவது வரிசை எண்ணை எழுதவேண்டிய இடத்தில் எவரேனும் ஒன்று என்று எழுதினால், தணிக்கைக்கு வருவோர் என்ன சொல்வார்கள் என்பதை நம் காலனி அன்பர்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. அங்கே காரணம் வேறு: ஒன்று என்ற எண்ணுள்ள இதழ் அதிகம் விற்கும். புதிதாக வருவோர் இதுதான் நுழைவாயில் என்று வாங்குவர். சேகரிப்போர் நாளை விலை ஏறும் என்று வாங்குவர்.

பழைய கணக்கை அவர்கள் முற்றும் மறந்தார் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஸ்பைடர்மேன் முதல் வரிசை 441 இதழ்களோடு நின்றது, இரண்டாம் வரிசையில் 58 வந்தன, கூட்டினால் 499, ஆகவே 2003இல் அடுத்த இதழுக்கு 500 என்று எண்ணிட்டனர். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 2011இல் 904ஓடு நிறுத்தப்பட்டு ஒன்றிலிருந்து 52 வரை சென்றது. 2016இல் 957 என்று பழைய கணக்குக்கே திரும்பி, 2018இல் ஆயிரத்தை எட்டிற்று. இக்கூட்டலை நாம் பென்சிலால் போட்டுச் சரிபார்த்தோம், பிழையில்லை. இந்நாளில் மார்வல் நிறுவனத்தார் புதிய எண்ணைப் பெரிதாகவும் பழைய மொத்தக் கணக்கைச் சிறிதாகவும் அட்டையில் அச்சிடுகின்றனர். நம் பதிவேட்டில் அச்சிறிய எண்ணையே எழுதினோம்.

எண்ணோடு சேர்ந்த மற்றொரு குறை அட்டை. உள்ளே கதை ஒன்றே; அட்டைகள் மட்டும் நான்கு, ஐந்து, பத்து. இதன் விளைவை அமெரிக்கர் ஒரு முறை பார்த்தாயிற்று. 1991இல் ‘எக்ஸ்மென்’ புதிய வரிசையின் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வெளிவந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்த 75ஆம் இதழைக் கறுப்புப் பையில் இட்டு விற்றனர். மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். எல்லோரும் பத்திரமாக வைத்திருந்த பொருளுக்கு அருமை ஏது? விலை ஏறவில்லை, வாங்கியவர் வெறுத்து விலகினர், கடைகள் பல மூடப்பட்டன, கடன் சுமையும் சேர, 1996 டிசம்பரில் மார்வல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. சூப்பர்மேனோ அடுத்த ஆண்டே உயிர்பெற்று எழுந்துவிட்டான். இவ்வளவும் தெரிந்திருந்தும் இன்று அதே வாணிபம் நடைபெறுகிறது. இதழின் விலை 4, 5 டாலர். நம் கணக்கில் முந்நூறு, நானூறு ரூபாய். ஒரே கதைக்கு இரண்டு அட்டை கேட்கும் பிள்ளைக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர் கடமை என்போம்.

அட்டைக் கணக்கைவிட நமக்கு வருத்தம் தந்தது கதையின் கணக்கை அழித்தமை. பீட்டர் பார்க்கர் என்னும் ஸ்பைடர்மேன் 1987இல் மேரி ஜேனை மணந்தான். இருபது ஆண்டு இல்லறம். 2007இல், குண்டடிபட்ட அத்தையின் உயிரைக் காக்க, தீயசக்தி ஒன்றோடு உடன்படிக்கை செய்து அத்திருமணமே நடவாததாக ஆக்கிவிட்டனர். மணமான வீரனுக்கு வயதாகிவிடும், இளையோர் விரும்பார் என்பது கருத்தாம். இருபது ஆண்டு உடன்வந்து படித்தவனும் இருபது ஆண்டு மூத்துவிட்டான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வாறு சொல்வதால், புதிய முதல் இதழ் எதுவுமே கூடாதென்பது நம் கொள்கை அன்று. கதை உண்மையிலேயே புதிதாகத் தொடங்குமாயின் ஒன்று என்பது நேர்மையான எண்ணே. 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரையத் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ அத்தகையது. அதில் பீட்டர் பார்க்கர் முப்பதைக் கடந்தவன், மனைவியும் இரு குழந்தைகளும் உடையவன். அதன்பின்னரே அவனுக்கு ஆற்றல் வருகிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிரகோட்டாவும் தொடங்கிய ‘அப்சல்யூட் பேட்மேன்’ மற்றொன்று. அதில் புரூஸ் வெய்ன் கோடீசுவரன் அல்லன். உழைத்துப் பிழைக்கும் பொறியாளன். தந்தை பள்ளி ஆசிரியராய் இருந்து மாண்டவர். தாய் உயிரோடு இருக்கிறாள். மாளிகையும் பணியாளரும் இல்லாமல் அவ்வீரன் நிற்பானா என்ற வினாவை எழுப்பி, நிற்பான் என்று காட்டுகின்றனர். மாதச் சம்பளத்தில் வாழும் நம் போன்றோர் இவ்விரு கதைகளையும் விரும்பிப் படித்ததில் வியப்பில்லை.

இறுதியாக நம்மீதே ஒரு குற்றச்சாட்டு. இரும்புக்கை மாயாவியைப் படித்து உறக்கம் இழந்த நாம், அதை வரைந்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய கதை அது. 1972இல் முத்து காமிக்ஸ் வழியே தமிழுக்கு வந்தது. நாற்பது வயதைத் தாண்டியபின், இப்பதிவேட்டை எழுதப் புகுந்தபோதுதான் அப்பெயரை அறிந்தோம். பெயரை மறைத்த நிறுவனத்தார் ஒருபுறம் இருக்க, பெயரைத் தேடாத வாசகரும் அக்குற்றத்தில் பங்குடையவரே.

செயற்குழு நாற்பது இதழ்களையும் ஏற்க இசைந்தது. ஆசிரியர் பத்தியின் அகலம் போதாமையால் அடுத்த பக்கத்திலும் கோடிட்டு, எழுதியவர், வரைந்தவர், முதலில் படைத்தவர் பெயர்களை முழுமையாக எழுதியுள்ளோம். எழுத்துப் பிழை நேராதபடி இருமுறை பார்த்தோம். நம் காலனிச் சிறுவர் சிறுமியர் ஞாயிறு மாலை நிலையத்துக்கு வந்து இவற்றை எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: இதழைத் திருப்பித் தரும்போது கதையை யார் எழுதினார், யார் வரைந்தார் என்று நமக்குச் சொல்லவேண்டும்.