நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நமது ஊர்ப் பக்கங்களும்

2024 ஜனவரி 24இல் 108 வாக்குகளால் (எதிராக 62) நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எதிர்ப்பது கொழும்பு ஊடகக்காரர்களின் வேலை என்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பலர் சொல்லக் கேட்கிறேன். வெறுப்புப் பேச்சால் அடிபட்ட நமக்கு இச்சட்டம் பாதுகாப்புத்தானே என்கிறார்கள்.

லேசான வாதமல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியில் பள்ளிவாசலே தாக்கப்பட்டது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் திகனயும் எரிந்துவிட்டது.

ஆனால், வெறுப்பூட்டலைத் தண்டிக்கும் ஐசிசிபிஆர் சட்டம் 2007 முதலே இருந்தது. அதன் கீழ் 2020 ஏப்ரலில் கைதானவர் யார்? முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பை எதிர்த்து முகநூலில் எழுதிவந்த றம்ஸி ராஸிக்! ஐந்து மாதம் கழித்தே பிணை கிடைத்தது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது.

இப்போது, எது பொய் என்று சொல்லும் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவுக்கு. கொழும்புப் பத்திரிகைக்குச் சட்டத்தரணி இருக்கிறார். ஜனாஸா அறிவித்தலும் ஊர்ச் செய்தியும் போடும் இரண்டு இளைஞர்களுக்கு யார் இருக்கிறார்? கூட்டறிக்கையில் முதலில் கையெழுத்திட வேண்டியவர்கள் அவர்களே. அதோடு, உறுதிப்படுத்தாத செய்தியைப் பகிரமாட்டோம் என்றும் தங்கள் பக்கத்தில் எழுதிப் போடட்டும்.