இரட்சிப்பும் மீட்பும்

கிறிஸ்தவ இதழ்களின் ‘மணமகள் தேவை’ பக்கத்தில், படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் சொல்லி முடித்த பிறகும் ஒரு தகுதி பாக்கி இருக்கும்: ‘இரட்சிக்கப்பட்ட’. பெந்தெகொஸ்தே வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டு, எந்தக் கூட்டத்தில் என்று சாட்சி சொல்லவே அவர்களால் முடியும். அதே பக்கத்தைப் புரட்டும் கத்தோலிக்கர் சற்றுத் திகைப்பார். அவர் பேச்சில் இந்த வினை இறந்தகாலத்தில் வருவது அபூர்வம். பவுலின் பெயரில் உள்ள கடிதங்களோ மூன்று காலத்துக்கும் இடம் தருகின்றன. எபேசியருக்கு எழுதியதில் அது முடிந்த செயல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் நடந்துகொண்டிருப்பது. ரோமருக்கு எழுதியதில் இனி வரப்போவது.

இரட்சிப்பு வடமொழி ‘ரக்ஷ்’ என்ற வேரிலிருந்து வந்தது. பொருள், காத்தல். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம் சேர்ந்தது. சபைக்குள் நுழையும் முன்பே இந்தச் சொல்லுக்கு ஊரில் நல்ல பழக்கம் உண்டு. ‘ஆபத்பாந்தவா, அநாதரட்சகா’ என்று சாமியைக் கூப்பிடலாம். காரியம் ஆகவேண்டுமானால் ஊர்ப் பெரியவரையும் கூப்பிடலாம். குழந்தையின் நெற்றியில் இடும் திருநீறும் ரட்சைதான். ஆக, சொல்லில் இருப்பது காவல். தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதும், வந்தால் விலக்குவதும்.

கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் ‘சோத்தேரியா’. இதுவும் கோயிலுக்குள் பிறந்ததல்ல. புயலுக்குத் தப்பிய பயணியும் காய்ச்சலில் பிழைத்த நோயாளியும் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள். எகிப்தை ஆண்ட முதலாம் தாலமிக்குச் ‘சோத்தேர்’, அதாவது இரட்சகர், என்பது பட்டப்பெயர். ரோமப் பேரரசன் அகஸ்துவை அதே சொல்லால் புகழும் கல்வெட்டு ஒன்று பிரியேனேயில் கிடைத்தது, காலம் கி.மு. 9. லூக்கா தன் பிறப்புக் கதையை அகஸ்துவின் கட்டளையில் தொடங்கி, சில வரிகளுக்குள் தொழுவத்துக் குழந்தைக்கு அந்தப் பட்டத்தைத் தருகிறார். நத்தார் நாடகத்தில் தேவதூதன் வேடமிடும் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ‘இரட்சகர்’ என்ற சொல்லில் இவ்வளவு அரசியல் உண்டு.

உடம்பும் இதில் அடக்கம். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் அவதிப்பட்டவள் கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். இன்னொருத்தி ஊரறிந்த பாவி. பரிசேயன் வீட்டு விருந்தில் கண்ணீரால் அவர் கால்களை நனைக்கிறாள். இருவரையும் இயேசு ஒரே வாக்கியம் சொல்லி அனுப்புகிறார் என்று லூக்கா எழுதுகிறார்; கிரேக்கத்தில் எழுத்துக்கூட மாறவில்லை. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த வேதாகமம் இரண்டு இடத்திலும் ‘இரட்சித்தது’ என்கிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் முதல் பெண்ணுக்கு ‘குணமாக்கிற்று’, அடுத்தவளுக்கு ‘மீட்டது’. தமிழ் என்று பார்த்தால் பிந்தியதுதான் சரளம். ஆனால் நோயாளியும் பாவியும் வாங்கிப்போனது ஒரே சொல் என்பது அதில் மறைந்துபோகிறது. நாகர்கோவிலில் காதரின் பூத் மருத்துவமனையை நடத்துகிறவர்களின் பெயர் இரட்சணிய சேனை. அந்தப் பெயருக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உறவு பழைய பதிப்பின் வாசகருக்குச் சட்டென்று விளங்கும்.

மீட்பு வேறு தெருவிலிருந்து வந்தது. மீள் என்பதன் பிறவினை மீட்டல். கிணற்றில் விழுந்த ஆட்டைத் தீயணைப்பு வீரர்கள் மீட்பார்கள். அடகு வைத்த சங்கிலியை அறுவடைப் பணம் வந்ததும் மீட்போம். எபிரேய மறைநூலில் இந்த இரண்டாவது பொருள் சட்டமாகவே இருக்கிறது. வறுமையில் விற்ற நிலத்தை நெருங்கிய உறவினன் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும் என்பது லேவியராகமம் 25. ரூத்தின் கதையில் அது பெத்லகேம் ஊர்வாசலில் பத்துப் பெரியவர்கள் முன்னால் நடக்கிறது. நிலம் என்றதும் முறையுள்ள உறவினன் சரி என்கிறான். இறந்தவன் பெயர் நிலைக்க அவன் விதவையான மோவாபியப் பெண் ரூத்தையும் ஏற்க வேண்டும் என்று அடுத்த உறவினன் போவாஸ் சொன்னதும், தன் சொத்து கெடும் என்று பின்வாங்கி, செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பேரம் அவ்வளவுதான். அங்கே வரும் வினையை மீட்டுக்கொள்ளுதல் என்றே 1871 பதிப்பு எழுதியது. யோபு நம்பும் ‘மீட்பர்’, பவுல் பேசும் ‘மீட்பு’, மத்தேயுவின் ‘மீட்கும்பொருள்’ எல்லாமே அந்தப் பதிப்பில் உண்டு. விலை கொடுத்துத் திருப்பினால் மீட்பு, காப்பாற்றினால் இரட்சிப்பு என்று இரண்டு பெட்டி வைத்திருந்தார்கள்.

மூன்றாவதாக மோட்சம் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுதல் என்பது அதன் பொருள். உடம்போடு உயிர்த்தெழுவோம் என்பவர்களுக்கு அது ஒத்துவராது. அதனால் கிறிஸ்தவத் தமிழில் அது சுருங்கி, சேரும் ஊரின் பெயராகியது என்று தோன்றுகிறது. ஆங்கில எழுத்தாளர் பனியனின் 1678ஆம் ஆண்டு நூல் உரைநடைத் தமிழில் ‘மோட்ச பிரயாணம்’. அதையே தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய காப்பியமோ ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஒரே கதையில் ஒருவர் போய்ச்சேரும் இடத்தைச் சொன்னார், மற்றவர் போகவைத்ததைச் சொன்னார்.

திருவிவிலியம் இரட்சிப்பை விட்டுவிட்டது. அதில் இரண்டு பெட்டிக்கும் பெரும்பாலும் மீட்பு ஒன்றே. வடசொல் விலக்கும் இயக்கத்தின் காலத்தில் வளர்ந்த தலைமுறையின் வேலை அது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. மீட்பில் இரட்சிப்புக்கு இல்லாத ஒரு கூர்மை உண்டு. காவலை யாருக்கும் தரலாம். மீட்க வேண்டுமானால் பொருள் முன்பே நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். காணாமற்போன ஆட்டின் கதையில் மேய்ப்பன் அலைவது அதனால்தான். ஆனால் இந்தச் சொல்லை எடுத்தால் அடகுக்கடைக் கேள்வியும் கூடவே வரும்: பணம் யாருக்குப் போயிற்று? மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிஜன் சாத்தானுக்கு என்றார். அடுத்த நூற்றாண்டில் நிசா நகர கிரகோரி, மனித உடலை இரையாகவும் தெய்வீகத்தைத் தூண்டிலாகவும் வைத்துச் சாத்தானை ஏமாற்றியதாக எழுதினார். இதே கேள்வி பற்றிய தன் நூலை 1098இல் முடித்த இறையியலாளர் அன்செல்ம் இதை ஏற்கவில்லை. திருடனுக்கு எதற்கு ஈடு என்பது அவர் பக்கம். கடன் கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த குறைவு, தீர்க்க வேண்டியவன் மனிதன், தீர்க்க முடிந்தவர் கடவுள், ஆகவே கடவுள் மனிதனாக வேண்டியிருந்தது என்று கணக்கைத் திருப்பி எழுதினார்.