நீல ஒளிக்காகக் காத்திருந்த முப்பது ஆண்டுகள்



வெள்ளொளியை நேரடியாக உமிழும் எல்.இ.டி. சில்லு என்று ஒன்று கிடையாது. நம் வீடுகளில் வெண்மையாக ஒளிர்பவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் நீல விளக்குகளே. அந்நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சை இட்டு நம் கண்ணை வெள்ளையென நம்ப வைக்கின்றனர். சிறிய குளியலறையைப் புதுப்பித்து அதற்கு விளக்குத் தேடுவோர் இவ்வரலாற்றைச் சற்று அறிந்திருப்பது நலம்.

1907-இல் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கார்போரண்டம் படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தியபோது மெல்லிய ஒளி தோன்றியதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். எவரும் பொருட்படுத்தவில்லை. 1920-களில் ஒலெக் லோசெவ் என்ற ரஷ்யர் அதையே தனித்துக் கண்டறிந்து ஆழமாக ஆராய்ந்தார். 1942-இல் லெனின்கிராடு முற்றுகையின்போது, தம் 38-ஆம் வயதில், அவர் பசியால் மாண்டார்.

1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். 1970-களின் கணிப்பான்களில் சிவப்பாக மின்னிய எண்களை நாற்பதைக் கடந்த நம்மில் சிலர் பார்த்திருப்போம். நம் நாட்டுக்கும் இவ்விளக்குக்குமான உறவு அக்காலத்தது. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆலை தொடங்கிய முதல் நிறுவனங்களுள் எல்.இ.டி. தயாரித்த லிட்ரோனிக்ஸும் ஒன்று. பின்னாளில் அது ஆஸ்ராம் நிறுவனத்தின் பகுதியாயிற்று.

சிவப்பைத் தொடர்ந்து மஞ்சளும் பச்சையும் வந்தன. நீலம் மட்டும் வரவில்லை. அதற்குரிய காலியம் நைட்ரைடு படிகம் குறையின்றி வளர மறுத்தது. அதில் நேர்மின் வகைப் படலத்தை உண்டாக்கவும் இயலவில்லை. பலர் கைவிட்டனர். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகாசாகியும் அவர்தம் மாணவர் ஹிரோஷி அமானோவும் கைவிடவில்லை. 1986-இல் நல்ல படிகத்தையும் 1989-இல் அந்தப் படலத்தையும் அவர்கள் பெற்றனர். 1993-இல் நிச்சியா என்ற நிறுவனத்தில் பணியாற்றிய ஷூஜி நாக்கமுரா பொலிவுமிக்க நீல விளக்கைச் செய்து காட்டினார். 1996-இல் அந்நிறுவனமே வெள்ளை எல்.இ.டி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2022 வரை வாழ்ந்த ஹோலோன்யாக்குக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தந்தான்.

இனி குளியலறைக்கு வருவோம். நீலமும் மஞ்சளும் சேர்ந்த வெண்மையில் ஆழ்சிவப்பு குறைவு. பழைய இழை மின்குமிழிலோ சிவப்பு தாராளமாக இருந்தது. பெட்டியில் 'ஆர்.ஏ. 80' என்றிருக்கும் நிறத்தெளிவு எண்ணை நம்பினால் போதாதா? போதாது. எட்டு வெளிர் நிறங்களின் சராசரியே அவ்வெண். ஆழ்சிவப்பு அக்கணக்கில் சேராது. அதற்கு 'ஆர்9' என்ற தனி அளவு உண்டு. 80 பெற்ற விளக்கொன்றின் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியும் இருக்கலாம்.

இஃது அழகு பற்றிய கவலை மட்டுமன்று. என் மாமியார் நீரிழிவு நோயாளி. நாள்தோறும் குளித்தபின் பாதங்களைப் பார்க்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். விரலிடுக்கில் புண் தொடங்கும்போது முதலில் தெரிவது இலேசான சிவப்பே. அச்சிவப்பை மங்கச் செய்யும் விளக்கு எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்தாலும் எங்கள் வீட்டுக்கு வேண்டா. ஆர்.ஏ. 90-க்கு மேலும் ஆர்9 50-க்கு மேலும் உள்ளதையே தேடி வாங்கினோம்.

நம் கடைகளில் 6500 கெல்வின் விளக்குகளே குவிந்து கிடக்கின்றன. குழல் விளக்கின் 'பகலொளி'க்குப் பழகிய கண்கள் அதையே வெளிச்சம் என எண்ணுகின்றன. எண் கூடக்கூட நீலமும் கூடும். குளியலறைக்கு 3000 முதல் 4000 வரை போதும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இருமருங்கிலும், முக உயரத்தில், விளக்குகளைப் பொருத்துங்கள். கூரையில் ஒன்று மட்டும் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்.

நம் குளியலறைகளில் தரை முழுவதும் நனையும். ஆகவே தெறிக்கும் நீரைத் தாங்கும் 'ஐ.பி. 44' குறியேனும் இருக்க வேண்டும். ஆனால் இறுக மூடிய கூட்டில் வெப்பம் தேங்கும். பெரும்பாலும் முதலில் பழுதாவது சில்லு அன்று, அதற்கு மின்சாரம் ஊட்டும் சிறு மின்சுற்று. அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பல கூடுகளில் முடியாது.