ஆடும் புலியும்: சமமற்ற பலத்தின் சமநிலை

கண்டியை அடுத்த கம்பளைப் பகுதியில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அவற்றில் வேலைக்கு வந்த தமிழரின் பூர்வீக ஊர்களில் ஆடுபுலி ஆட்டம் திண்ணைகளிலும் கோயில் கல்தளங்களிலும் வழங்கியது. இலங்கையில் இதையொத்த ‘தெமள திவியன் கெளிய’ என்ற ஆட்டத்தை ஹென்றி பாக்கர் 1909இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார்.

கட்டத்தில் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. பதினைந்தும் களமிறங்கும்வரை ஆடுகள் நகரவும் முடியாது. எனவே தொடக்கத்தில் புலியின் கை ஓங்கும். ஆனால் புலி தாண்டுவதற்கு ஆட்டின் மறுபுறம் காலியாக இருக்கவேண்டும். இரண்டு ஆடுகள் ஒரே கோட்டில் அடுத்தடுத்து நின்றால் அந்தக் கோட்டில் அவற்றைத் தாண்ட வழியில்லை. கட்டம் நிரம்ப நிரம்பப் புலிகள் முடங்கும். மூன்றும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இத்தகைய சமமற்ற பலம் வேறு ஆட்டங்களிலும் உண்டு. 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் மந்திரவாதிப் பாத்திரம் தொடக்கத்தில் நலிந்தும் பின்னர் வலுத்தும் இருக்கும். போர்வீரர் பாத்திரம் முதலிலிருந்தே தாக்குப்பிடிக்கும். இரண்டு ஆட்டங்களிலும் பலம் சமமாகப் பங்கிடப்படவில்லை. அது ஓங்கும் நேரமே மாறுகிறது. ஆடுபுலியில் எண்ணிக்கையும் விதியும் ஆடுகளின் பலவீனத்தை ஈடுகட்டுகின்றன.