காசு கொடுத்து வாங்கிய பாட்டு யாருடையது?

போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மச்சினன் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்தான். "அத்தான், இதுல நூத்தம்பது பாட்டு இருக்கு. எல்லாம் காசு கொடுத்து வாங்கினது. ஒண்ணுகூட பாட மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்றான்.

பார்த்தேன். பாட்டுகளின் பெயர்கள் இருந்தன. அளவும் 3 எம்பி, 4 எம்பி என்று ஒழுங்காகத்தான் காட்டியது. அழுத்தினால் மட்டும் "உரிமம் இல்லை" என்று வந்து நின்றது. 2005-ல் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது, பகுதி நேர வேலையில் சேர்த்த காசில் ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் வீதம் வாங்கியவை அவை. விற்ற கடையின் பெயர் வேண்டாம், இன்று அந்தக் கடையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே டிஸ்க்கில் நண்பர்களிடம் ஓசியில் வாங்கிப்போட்ட எம்பி3 பாட்டுகள் எல்லாம் ஜோராகப் பாடின. காசு கொடுத்தது ஊமை, கொடுக்காதது பாடுகிறது!

ஏன் இப்படி என்று சொல்லக் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற வேண்டும்.

1999-ல் நாப்ஸ்டர் வந்து ஊரெல்லாம் பாட்டை இலவசமாகப் பகிர ஆரம்பித்ததும், இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. இணையத்தில் விற்பதானால் பூட்டோடுதான் விற்பது என்று நின்றார்கள். அப்படி வந்ததுதான் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை. திறந்த நாள் 2003 ஏப்ரல் 28. 2 லட்சம் பாட்டுகள், ஒன்று 99 சென்ட். பூட்டின் பெயர் ஃபேர்ப்ளே.

பூட்டு வேலை செய்யும் விதம் எளிது. பாட்டு குறியீடாக மாற்றப்பட்டு மூடியிருக்கும். அதைத் திறக்கும் சாவி தனி. எந்தெந்தக் கணினிக்குச் சாவி தரலாம் என்ற கணக்கு கடைக்காரரின் சர்வரில் இருக்கும். ஆப்பிள் முதலில் 3 கணினிகளுக்கு அனுமதி தந்தது, 2004-ல் அதை 5 ஆக்கியது. ஐபாட் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வேறு கம்பெனி ப்ளேயர் வாங்கினால் பாடாது.

மைக்ரோசாஃப்ட் 2004-ல் வேறு வழியில் போனது. பல கடைகள், பல கம்பெனிகளின் ப்ளேயர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு. திட்டத்துக்கு வைத்த பெயர் 'ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்', அதாவது 'நிச்சயம் பாடும்'. 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் 'ஜூன்' என்று சொந்தமாக ஒரு ப்ளேயர் கொண்டுவந்தது. அதில் 'நிச்சயம் பாடும்' பாட்டுகள் பாடவில்லை!

நடுவில் ஒருவர் பாலம் கட்டப் பார்த்தார். ரியல்நெட்வொர்க்ஸ் 2004 ஜூலையில் 'ஹார்மனி' என்ற மென்பொருளை வெளியிட்டு, தன் கடைப் பாட்டுகளை ஐபாடில் பாட வைத்தது. ஆப்பிள் கொதித்துப்போய், சில மாதங்களில் ஐபாட் மென்பொருளை மாற்றி அந்த வழியை அடைத்தது. இதை ஒட்டிய வழக்கு 2014 டிசம்பர் வரை இழுத்து, ஜூரி ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அப்படியானால் வாங்கியவர் ஒரு கடையின் பாட்டை இன்னொரு கடையின் கருவிக்கு எப்படித்தான் கொண்டுபோவது? ஒரே வழி, சிடியில் எழுதி, அதிலிருந்து மறுபடி எம்பி3 ஆக எடுப்பது. ஒரு சிடியில் ஆடியோவாக 80 நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 16. என் மச்சினனின் 150 பாட்டுக்கு 10 சிடி. ஏற்கனவே சுருக்கிய ஒலியை இன்னொரு முறை சுருக்குவதால் தரமும் கொஞ்சம் அடிபடும். பூட்டை உடைக்கலாமே என்றால், அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஎம்சிஏ சட்டம் அதைத் தடுத்தது.

அடுத்து 2008. பூட்டின் உண்மையான விலை அப்போதுதான் தெரிந்தது. எம்எஸ்என் மியூசிக் விற்பனையை நிறுத்தியிருந்த மைக்ரோசாஃப்ட், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிகளுக்குச் சாவி தரமாட்டோம் என்று ஏப்ரலில் அறிவித்தது. கணினி மாற்றினாலோ, விண்டோஸை மாற்றிப் போட்டாலோ பாட்டு அவ்வளவுதான். கூச்சல் கிளம்பியதும் 2011 கடைசி வரையாவது தொடர்கிறோம் என்றது. ஜூலையில் யாஹூவும் அதே மாதிரி அறிவித்து, பிறகு கூப்பனோ பணமோ தருவதாக இறங்கி வந்தது. வால்மார்ட் அக்டோபரில் நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தது. மூவரிடமும் அகப்பட்டவர்கள் திருடர்கள் அல்லர், காசு கொடுத்து வாங்கியவர்கள்.

அதற்குள் பூட்டு கழல ஆரம்பித்திருந்தது. 2007 பிப்ரவரி 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். 2006-ல் பூட்டோடு விற்றவை 200 கோடிக்கும் குறைவு, பூட்டே இல்லாமல் சிடிகளில் அதே நிறுவனங்கள் விற்றவை 2,000 கோடிக்கும் மேல், பிறகு பூட்டு யாரைத் தடுக்கிறது என்பது அவர் கேள்வி. ஏப்ரலில் ஈஎம்ஐ இணங்கியது. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 விற்க வந்தது. 2009 ஜனவரியில் ஐட்யூன்ஸ், தன் 1 கோடி பாட்டுகளில் 80 லட்சத்தைப் பூட்டில்லாமல் தந்து, மிச்சத்தையும் சில மாதங்களில் திறப்பதாகச் சொன்னது. பழைய பாட்டின் பூட்டைக் கழற்றக் கட்டணம் 30 சென்ட். பூட்டிக் கொடுத்தவருக்கே திறப்புக் கூலி!

நம் ஊரில் இந்தக் கதை தலைகீழ். ஐட்யூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பரில்தான், பூட்டு போன பிறகு. அதே வருடம் பிப்ரவரியில் ஃப்ளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்ற பாட்டுக்கடையைத் திறந்து, 2013 ஜூனில் மூடிவிட்டது. கடை நிலைக்கவில்லை. ஆனால் அங்கே விற்றது பூட்டில்லாத எம்பி3. அன்று இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு இன்றும் பாடும். கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல் மூடியபோதும் அப்படித்தான், வாங்கியதை இறக்கி வைத்தவர்களுக்கு நஷ்டமில்லை.

ஆக, கடை மூடுவது பிரச்சினையே இல்லை. பாத்திரக்கடை மூடிவிட்டால் அங்கே வாங்கிய எவர்சில்வர் குடம் ஒழுகுமா என்ன? விற்றவர் போன பிறகும் வேலை செய்தால்தான் அது நம் பொருள். மற்றதெல்லாம் வாடகை. என் மச்சினனுக்கு விற்பனை என்று சொல்லி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்று மாதச் சந்தாவில் பாட்டுக் கேட்கிறோம். பூட்டு திரும்ப வந்துவிட்டது, ஆனால் இது வாடகை என்று தெரிந்தே கொடுக்கிறோம், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் 2024-ல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடியதை மறக்க வேண்டாம். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கூட வருவது பாட்டுகளின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். புது இடத்தில் அந்தப் பாட்டு இல்லையென்றால் இல்லைதான்.

அதனால் என் யோசனை இது. பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும் பத்து இருபது பாட்டையாவது பூட்டில்லாத கோப்பாக வாங்கி, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பதிவு செய்த தாத்தா பாட்டி குரலுக்கும் இதே விதிதான்.

மச்சினனிடம் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். அவன் டிஸ்க்கைக் கழற்றவில்லை. ரொம்ப நேரம் திரையில் பாட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான்.