பட்டை ஸ்பிரிங்: கோச்சு வண்டி முதல் பிக்கப் வரை

பட்டை ஸ்பிரிங் குதிரை வண்டிக்காகப் பிறந்தது. நீளம் குறைந்துகொண்டே வரும் எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் கொடுத்து இறுக்கினால் அது ஒரு கட்டு. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கோச்சு வண்டிகளின் கூண்டு பெரும்பாலும் தோல் வார்களில்தான் தொங்கியது. ஸ்பிரிங் வைத்த வண்டிகளை 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோதனையைப் பற்றிச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். யோசனை இருந்தது, அதைத் தாங்கும் எஃகு இல்லை. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, கடிகார ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு தேடப்போய், ஷெஃபீல்டுக்கு அருகே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை வகுத்தார். அதன்பின் ஒரே சீரான எஃகு கிடைக்கத் தொடங்கியது.

லண்டன் வண்டிப் பட்டறைக்காரர் ஒபதையா எலியட் 1804இல் பெற்ற காப்புரிமை வண்டியின் அமைப்பையே மாற்றியது. அதுவரை முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்க அடியில் கனத்த மர உத்தரம் ஒன்று ஓடியது. எலியட் இரண்டு கட்டுகளை எதிரெதிராக வைத்து முட்டை வடிவமாக்கி அச்சின் மேலேயே பொருத்தினார். உத்தரம் தேவையற்றுப்போனது, வண்டி எடை குறைந்து தாழ்ந்தது. அந்த முட்டையில் பாதிதான் இன்றும் லாரிகளின் அடியில் இருக்கிறது.

கட்டு அடிப்பது தேர்ந்த கொல்லரின் வேலை. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, குளிரவைத்துக் கடினமாக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றி டெம்பர் கொடுப்பார். எல்லாப் பட்டைக்கும் ஒரே வளைவு கொடுத்தால் வேலை கெட்டது. கீழே போகப்போக ஒவ்வொரு பட்டையும் மேலுள்ளதைவிடச் சற்று அதிகம் வளைந்திருக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் இரண்டு பட்டைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். போல்ட்டை முடுக்கியதும் அது மூடி, குட்டைப் பட்டைகள், எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையைப் பாரம் வளைக்கும் திசைக்கு எதிராக முன்கூட்டியே வளைத்துவிடும். பாரம் ஏறும்போது மெயின் பட்டைக்கு அந்த அளவு சுமை குறைகிறது. இந்த நுணுக்கம்தான் இந்தத் தொழிலின் உயிர். காயலான் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பட்டையைக் கட்டில் செருகினால் அது பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும்.

மோட்டார் வண்டி வந்தபோது இந்தக் கட்டு அப்படியே அதற்குக் கைமாறியது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, வெனேடியம் சேர்த்த எஃகில் செய்த இரண்டு கட்டுகள் குறுக்குவாட்டில் இருந்தன. அதே வண்டியின் பின்புறம் சிறு தொட்டி வைத்து, 1925இல் ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே செய்த பிக்கப்பை விற்றது. 1948இன் எஃப்-1 பிக்கப்பில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு கட்டுகள் நீளவாட்டில் அமைந்தன. பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் அமைப்பு பின் அச்சுக்குப் பரவியதும் ஸ்பிரிங்கின் பொறுப்பு கூடியது. பாரம் தாங்குவதோடு, சக்கரம் உந்தும் விசையைச் சேசிஸுக்குக் கொண்டுபோவதும், பிரேக் பிடிக்கையில் அச்சை இடம் நகராமல் பிடிப்பதும் அதன் வேலையாயின. இத்தகைய வண்டியில் மெயின் பட்டை உடைந்தால் குலுக்கலோடு போவதில்லை. அச்சே ஒருபக்கம் பின்வாங்கி, வண்டி கோணலாக ஓடும்.

பட்டை ஒரே பள்ளத்தில் உடைவது அரிது. பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த களைப்பில்தான் உடைகிறது. உலோகத்துக்கு இப்படிக் களைப்பு உண்டென்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய ரயில் அச்சுகளைச் சோதித்து முறையாக நிறுவியவர் ஆகஸ்ட் வோலர். உடைந்த முகத்தைப் பார்த்தாலே கதை தெரியும்: ஒரு மூலையில் துரு ஏறிக் கறுத்த பகுதி, அதிலிருந்து அலைகோடுகள், எஞ்சிய இடம் பளபளக்கும் புதுமுறிவு. கறுத்த பகுதி பல மாதங்களுக்கு முன்பே விட்ட விரிசல். மேற்பரப்பில் ஒரு கீறலோ துருக்குழியோ இருந்தால் போதும், விரிசல் அங்கே தொடங்கும். இதைத் தடுக்கப் பட்டையின் மேல் சிறு எஃகு உருண்டைகளை வேகமாக அடித்து மேல்தோலை அமுக்கி இறுக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. அடியின் அளவைக் கணிக்கும் வழியை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஜான் ஆல்மென் வகுத்தார்.

பட்டை அதிகம் உடையும் இடங்கள், மெயின் பட்டையின் முனையில் சுருட்டிய கண்ணின் அருகும் நடுத்துளையும். நடுத்துளையில் உடைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது யூ போல்ட்டுகளை. சென்டர் போல்ட் பட்டைகளை வரிசைப்படுத்தி அச்சில் இடம் காட்டுவதற்கு மட்டுமே, கட்டை அச்சோடு அழுத்திப் பிடிப்பவை யூ போல்ட்டுகள்தாம். அவை தளர்ந்தால் வளைவு முழுவதும் துளையின் மேல் விழும். அதனால் கட்டு மாற்றும்போது பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதியது போடுவதும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்குவதும் வழக்கமாயின.

கட்டு மாற்றும் வேலையின் முறை பழையதுதான். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கியால் அச்சைத் தாங்கி, யூ போல்ட்டைக் கழற்றி, ஒரு முனையின் பின்னையும் மறுமுனையில் ஆடும் ஷாக்கிளையும் விடுவித்தால் கட்டு இறங்கிவிடும். பட்டை நிமிரும்போது நீளம் கூடுவதால்தான் ஒரு முனை ஆடவேண்டியிருக்கிறது. பழைய பிக்கப்பில் சிரமம் தருவது துரு. பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் வட அமெரிக்கப் பகுதிகளில் ஷாக்கிளைத் தாங்கும் பிராக்கெட்டே அரித்துப்போயிருக்கும். அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் வெட்டி, புதிய பிராக்கெட்டைப் போல்ட் போட்டுப் பொருத்துவார்கள். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் கண் போல்ட்டைக் கடைசியாக முடுக்குவது, வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நின்றபிறகே. தூக்கிய நிலையில் முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஒருபக்கம் மட்டும் புதுக்கட்டு போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும்.

முன்பு கொல்லர்கள் தொய்ந்த கட்டைப் பிரித்து வளைவு ஏற்றித் தருவார்கள். வளைத்தபின் சரியாக டெம்பர் கொடுத்தால் அது நிற்கும், கொடுக்காவிட்டால் மறுபடி தொய்யும். வெல்டிங் வைத்து ஒட்டிய பட்டை எங்கும் நம்பிக்கை பெற்றதில்லை, பற்றின் ஓரத்திலேயே அது மறுபடி உடையும்.

சென்னையில் 1840இல் சேணமும் வண்டியும் செய்யத் தொடங்கிய சிம்சன் நிறுவனம் 1903இல் நீராவிக் காரையே செய்தது. கோச்சு வண்டித் தொழில் மோட்டார் தொழிலுக்கு வழிவிட்டது இங்கும் அப்படித்தான். தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் பட்டை மாற்றுவது அன்றாட வேலை. கழித்த பட்டையும் வீணாவதில்லை. கார்பன் மிகுந்த எஃகு என்பதால் கொல்லர்கள் அதை வாங்கி அரிவாள் அடிக்கிறார்கள்.

கார்கள் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியபின்னும் பெரும்பாலான பிக்கப்புகளின் பின் அச்சு பட்டையை விடவில்லை. காலியாகவும் பாரத்தோடும் ஓடும் வண்டிக்கு, அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் எளிய ஏற்பாடு அதுதான். ராம் 1500 போன்ற சில 2009 மாடலில் பின்னாலும் சுருளுக்குப் போனாலும், ஃபோர்டு எஃப்-150 பெரும்பாலும் பட்டையிலேயே நின்றது. 1981 கார்வெட் காரின் பின்புறம் கண்ணாடி இழையில் செய்த ஒற்றைப் பட்டை வந்தது. எஃகைவிட அது எடை மிகக் குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் அதைக் காய்ச்சி வளைக்கவோ பிரித்து ஒரு பட்டையை மட்டும் மாற்றவோ வழியில்லை, விரிசல் விட்டால் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதியதுதான் போட வேண்டும்.