லிட்டில் பேர்க் வீதியிலிருந்து நகர மண்டபத்துக்கு

மெல்பேர்ணில் பேர்க் வீதியின் கிழக்கு முனையிலுள்ள மாநில நாடாளுமன்றக் கட்டடத்தை நாம் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறோம். 1901 முதல் 1927 வரை அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றம் கூடியதும் அங்கேதான். வெள்ளையரல்லாதோரைத் தடுத்த குடிவரவுச் சட்டம் 1901 டிசம்பரில் அங்கு நிறைவேறியது. வந்து இறங்கியவனுக்கு ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். மொழியைத் தெரிவது அதிகாரி. எழுத முடியாதவன் திரும்ப வேண்டியதுதான்.

சீனருக்கு எதிரான கதவடைப்பு அதற்கும் மூத்தது. 1855இல் விக்ரோரியா அவர்கள்மேல் தலைக்கு 10 பவுண் வரி விதித்தது. அதற்குத் தப்பத் தென் அவுஸ்திரேலியாவின் றோப் துறையில் இறங்கி, தங்கச் சுரங்கங்களுக்கு நடந்தே வந்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கிறது லிட்டில் பேர்க் வீதி, சீனர்களின் கடைத்தெரு. 1946இல் ஹொங்கொங்கில் பிறந்து, 17 வயதில் மெல்பேர்ண் வந்த ஜோன் ஸோ, சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின்னர் உணவகத் தொழிலில் இறங்கினார். 1991இல் மாநகரசபை உறுப்பினரானார். 2001இல் நகரபிதாவை வாக்காளரே நேரடியாகத் தெரியும் முறை வந்தபோது முதலில் வென்றவர் அவர். அந்தச் சட்டம் நிறைவேறிச் சரியாக நூறு ஆண்டு!

ஆயினும் இதை வெறும் இனத்தின் வெற்றியென்று கொண்டாட எமக்கு மனம் வரவில்லை. அத்தேர்தலில் நகரில் குடியிருப்போருக்கு மட்டுமல்ல, அங்கே சொத்தோ வியாபாரமோ வைத்திருப்போருக்கும் வாக்குண்டு. கம்பனியானால் இரண்டு வாக்கு. 1931க்கு முன் சொத்தும் படிப்பும் பார்த்து வாக்குரிமை கொடுத்த எங்கள் இலங்கை நினைவுக்கு வருகிறது. கடைக்காரரின் கவலை தெரிந்த ஒரு கடைக்காரருக்கு இது பாதகமாக இருந்திருக்காது.

ஆனால் கம்பனி வாக்கால் கைதட்டல் கிடைக்காது. அவருடைய ஆங்கில உச்சரிப்பைப் பரிகசித்தவர்கள் பலர். (தொலைபேசியில் நாம் பேச, பக்கத்திலிருந்து பிள்ளைகள் திருத்தும் வீடுகளில் இது புதினமல்ல.) அவர் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இளைஞர்கள் அவரைத் தங்கள் சகோதரன் என்று எழுதிய ரீசேர்ட்டுகளைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 2004இல் மீண்டும் வென்றார். 2006 மார்ச்சில் பொதுநலவாய விளையாட்டு விழாவில் அரசியல்வாதிகளெல்லாம் பார்த்திருக்க, கிரிக்கெட் மைதானம் ஆரவாரித்தது அவருக்குத்தான். அதே ஆண்டு உலக நகரபிதா விருதும் கிடைத்தது.

2008இல் அவர் போட்டியிடவில்லை. அடுத்து வந்தவர் மாநில லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் றொபேட் டோயில்.